சின்னப் பள்ளியா, ஆசிரியருக்கு மதிப்பெண்ணா?

நியூயார்க் நகரம் 2002-க்குப் பிறகு, தேறாத பெரிய உயர்நிலைப் பள்ளிகளை மூடிச் சின்னப் பள்ளிகளைத் திறந்தது. ஒன்பதாம் வகுப்பில் சுமார் 100 பேர்தான். குலுக்கலில் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சின்னப் பள்ளியில் சேர்ந்தவர்களில் பள்ளிப் படிப்பை முடித்தோர் விகிதம் சுமார் 9 சதவீதப் புள்ளி கூடியிருந்தது.

தலைநகர் வாஷிங்டன் 2009-இல் ஆசிரியர்களை எடைபோட ஆரம்பித்தது. ஆண்டுக்கு ஐந்து முறை, அரைமணி நேரம் வகுப்பில் உட்கார்ந்து கவனித்து மதிப்பெண் போட்டார்கள். நன்றாக நடத்தினால் 25,000 டாலர் வரை ஊக்கத்தொகை, சரியில்லை என்றால் வேலை போகும். பின்தங்கியவர்கள் பலர் தாமாகவே கிளம்பினார்கள். புதிதாக வந்தவர்களிடம் பிள்ளைகள் தேறினார்கள்.

எனக்கு முதல் வழிதான் பிடிக்கிறது: இன்று யார் வரவில்லை என்பது அங்கே ஆசிரியருக்கு உடனே தெரியும். இரண்டாவது, மாற்று ஆள் எளிதில் கிடைக்கும் ஊரில்தான் ஓடும்.