பாயிண்ட்டா, மாட்யூலா? உப்புக்காற்றில் ஒரு பழைய பிக்கப்

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி ஏற்றி இறக்கிய காலத்தில், எங்கள் வில்லிஸ் பிக்கப் விடியற்காலையில் ஒரே திருப்பில் கிளம்பியதாக நினைவில்லை. அப்பாவின் சட்டைப் பையில் உப்புத்தாள் துண்டு ஒன்று எப்போதும் இருக்கும். சிலிண்டர்களுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியை எடுப்பார், உள்ளே கரண்ட்டைத் திறந்து மூடி பொறியைப் பிறக்கவைக்கும் பாயிண்ட் முனைகளின் நடுவில் தாளை விட்டு இரண்டு இழுப்பு இழுப்பார், வெற்று அட்டையால் துடைப்பார், மூடுவார். வண்டி கிளம்பிவிடும்.

அந்த வண்டி இப்போது என்னிடம். சீசனில் பண்ருட்டிப் பலாவை ஏற்றிக்கொண்டு புதுச்சேரி போய் வருகிறேன். அதே இன்ஜினில் பாயிண்ட், டிரான்சிஸ்டர் பெட்டி, ஹால் கிட் மூன்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். நான்காவது வழியை முத்தியால்பேட்டை நண்பர் ஒருவரின் ஃபோர்டு எஃப்-100ல் கூடவே இருந்து மாட்டினேன். பழைய பெட்ரோல் பிக்கப் வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: பாயிண்ட்டைத் தூக்கிவிடலாமா? என் பதில் எலக்ட்ரானிக் பக்கம்தான். ஆனால் வயரிங்கைச் சரி செய்யாமல் மாற்றுவதாக இருந்தால், பாயிண்ட்டே இருக்கட்டும்.

என் வண்டியில் இருப்பது 2.2 லிட்டர், நாலு சிலிண்டர் ஹரிக்கேன். இன்டேக் வால்வு ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கில். மஹிந்திராவின் பழைய பெட்ரோல் ஜீப்பிலும் இதே இன்ஜின்தான் என்பதால் நம் ஊர் மெக்கானிக்குகளுக்குப் புதிதில்லை. ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்களில் பொறி விழும் வரிசை, 1-3-4-2. ஆட்டோலைட் டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் பாயிண்ட் கேப் (முனைகள் திறக்கும் இடைவெளி) 0.020 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டர். லூகாஸ் என்றால் 0.015. டைமிங், அதாவது பொறி விழும் நேரம், பிஸ்டன் உச்சிக்கு வரும் டாப் சென்டருக்கு 5 டிகிரி முன்னால். 12 வோல்ட், நெகட்டிவ் எர்த் (பேட்டரியின் நெகட்டிவ் வண்டி உடம்போடு).

பாயிண்ட்டைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் கண்டுபிடித்த அந்த ஏற்பாடு நூறு வருடத்துக்கும் மேலாக உலகம் முழுக்க வண்டி ஓட்டியிருக்கிறது. பேட்டரி இறங்கிப் போய், ஸ்டார்ட்டர் சுற்றும்போது 8 வோல்ட் மட்டுமே இருந்தாலும் பாயிண்ட் வேலை செய்யும். கெட்டுப்போகும்போதும் மெதுவாகத்தான் கெடும்: முதலில் மிஸ்ஸிங், அப்புறம் இழுவை குறைவு, அப்புறம்தான் நிற்கும். ஃபீலர் கேஜும் ஸ்குரூ டிரைவரும் இருந்தால் பாகூர் வயல்வெளியில் நின்றாலும் வீடு வந்து சேரலாம்.

அதன் வியாதிகள் இரண்டு. கேம் மீது உரசும் அந்தச் சின்ன ஃபைபர் குதிகால் தேயும். தேயத் தேய கேப் குறுகும், பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங் பின்வாங்கும். ஓட்டுகிறவருக்கு ஒரே நாளில் எதுவும் தெரியாது. நாலு மாதம் கழித்து ஆல்பேட்டை பாலத்தில் செகண்ட் கியர் தேவைப்படும், இன்ஜின் சூடேறும், பெட்ரோல் கூடும். இரண்டாவது, டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து ஷாஃப்ட் ஆடினால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் கேப் ஒவ்வொரு மாதிரி இருக்கும். எத்தனை முறை கேஜ் வைத்தாலும் ஐட்லிங் நிற்காது. இந்த இரண்டோடு நம் கடற்காற்றும் சேர்ந்துகொள்கிறது. வண்டி ஒரு வாரம் நின்றால் போதும், பாயிண்ட் முனையில் மெல்லிய பூப்பு படிந்துவிடும். அப்பா இழுத்த உப்புத்தாள் அதற்காகத்தான்.

இதற்கு மருந்து என்று முதலில் நான் மாட்டியது டிரான்சிஸ்டர் பெட்டி. பாயிண்ட் அப்படியே இருக்கும். ஆனால் பொறிக்கான உயர் வோல்ட்டை உண்டாக்கும் காயிலின் கரண்ட்டை அது வெட்டாது. மூன்று, நாலு ஆம்பியரை வெட்டும் வேலையை வெளியில் உள்ள பெட்டி எடுத்துக்கொள்ளும், பாயிண்ட் சிக்னல் மட்டும் கொடுக்கும். அதனால் முனை கருகாது. கேட்க நன்றாக இருக்கிறது. சேலத்திலோ கோவையிலோ நன்றாகவே ஓடலாம். கடலூரில் எனக்கு அது ஒத்துவரவில்லை. பெரிய கரண்ட் ஓடும்போது அந்தச் சிறு பொறியே பூப்பை எரித்துத் தள்ளிவிடும். சிறிய சிக்னல் கரண்ட்டுக்கு அந்தச் சக்தி இல்லை. ஐப்பசி மழையில் நாலு நாள் நின்ற வண்டி, பெட்டி மாட்டிய பிறகு முன்பைவிட அதிகமாகத் தகராறு செய்தது. குதிகால் தேய்மானமும் அப்படியே இருக்கிறது. கடலோர வண்டிக்கு இதை நான் சொல்லவே மாட்டேன்.

அடுத்தது ஹால் கிட், காந்தத்தை உணர்ந்து காயில் கரண்ட்டை வெட்டும் எலக்ட்ரானிக் சாமான். பாயிண்ட், கண்டன்சர் இரண்டும் வெளியே. கேம் மேல் காந்தம் பதித்த ஒரு வளையம் ஏறும், பாயிண்ட் இருந்த தட்டில் சின்ன மாட்யூல் உட்காரும். இரண்டே வயர்: சிவப்பு காயில் பாசிட்டிவ் பக்கம், கறுப்பு காயில் நெகட்டிவ் பக்கம். மூடியை மூடிவிட்டால் வெளியே இருந்து பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. உரசும் பாகம் இல்லை, திறந்த முனை இல்லை, எனவே உப்புக்காற்று தொட ஒன்றும் இல்லை. 3000 ஆர்பிஎம்மில் நாலு சிலிண்டர் இன்ஜினுக்கு நொடிக்கு 100 பொறி வேண்டும். வேகம் ஏற ஏற ஸ்பிரிங் தளர்ந்த பாயிண்ட் துள்ளக்கூடும், காந்தத்துக்கு அந்தக் கவலை இல்லை. புஷ் கொஞ்சம் ஆடினாலும் பாயிண்ட் அளவுக்கு டைமிங் சிதறாது. ஆட்டம் அதிகம் என்றால் புஷ்ஷை மாற்றித்தான் ஆகவேண்டும். எந்த எலக்ட்ரானிக்கும் அதற்கு ஈடில்லை.

மாட்டிய அன்று மஞ்சக்குப்பத்தில் இருந்து கன்னியகோவில் வரை போய் வந்தேன். டாப் கியரில் மெதுவாக உருட்டிக்கொண்டு போனாலும் வண்டி குலுங்கவில்லை. இத்தனை வருடம் கார்புரேட்டரைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று அன்று புரிந்தது.

இதன் பலவீனத்தையும் நானே அனுபவித்தேன். ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் நீண்ட வரிசை. இன்ஜின் நின்றுபோனது, மழைக்கு வைப்பர் ஓடட்டும் என்று சாவியை ஆனிலேயே விட்டிருந்தேன். இருபது நிமிடம் போயிருக்கும். அப்புறம் ஸ்டார்ட் செய்தால் உயிரே இல்லை. இன்ஜின் சுற்றாமல் சாவி ஆனில் இருந்தால், காந்தம் நிற்கும் இடத்தைப் பொறுத்து மாட்யூல் காயிலுக்குக் கரண்ட்டைத் தொடர்ந்து விட்டுக்கொண்டே இருக்கும். சாதாரண கிட்டுகளில் அதைத் தானாக நிறுத்தும் ஏற்பாடு கிடையாது. காயிலைத் தொட்டால் கை சுட்டது, மாட்யூல் செத்திருந்தது. பாயிண்ட் நோயாளி மாதிரி இழுத்துக்கொண்டு கிடக்கும். மாட்யூல் மின்விளக்கு மாதிரி, போனால் போனதுதான்.

நண்பரின் ஃபோர்டு வேறு கதை. அதில் இருப்பது 300 கன அங்குல, வரிசை ஆறு சிலிண்டர் இன்ஜின். ஃபயரிங் ஆர்டர் 1-5-3-6-2-4. ஃபோர்டு பிற்காலத்தில் கொண்டுவந்த, பாயிண்ட் இல்லாத டூராஸ்பார்க் டிஸ்ட்ரிபியூட்டர் அதே ஓட்டையில் நேராக இறங்கும். உள்ளே ஹால் கிடையாது, காந்தப் பிக்கப் காயில், அதாவது சிக்னல் கொடுக்கும் சுருள். அதற்கு ஃபோர்டின் பெரிய பெட்டியைத் தேடி அலையாமல், ஜெனரல் மோட்டார்ஸ் 1970களில் கொண்டுவந்த எச்இஐ (ஹை எனர்ஜி இக்னிஷன்) மாட்யூலின் நாலு முனை வகையைப் போட்டோம். உள்ளங்கையில் அடங்கும் சாமான். டபிள்யூ, ஜி என்ற இரண்டு முனை பிக்கப் காயிலுக்கு. பி 12 வோல்ட்டுக்கு. சி காயில் நெகட்டிவுக்கு. எர்த்துக்குத் தனி வயர் இல்லை, மாட்யூலின் அடித்தகடும் அதன் ஸ்குரூவும்தான் எர்த். அதனால் பெயின்ட் அடித்த தகரத்தில் அப்படியே முடுக்கினால் ஓடாது. தடித்த அலுமினியத் தகட்டில், அடியில் தெர்மல் பேஸ்ட் தடவி, சுரண்டிய இடத்தில் பூட்ட வேண்டும். பேஸ்ட் இல்லையென்றால் சூட்டில் போய்விடும்.

எச்இஐயின் பெருமை, வேகத்துக்கு ஏற்ப காயிலுக்குக் கரண்ட் விடும் நேரத்தைத் தானே கூட்டிக் குறைப்பது. ஒரு எல்லைக்கு மேல் கரண்ட் ஏறாமலும் பார்த்துக்கொள்ளும். அதனால் குறைந்த ஓம் காயில் போடலாம், பொறி உண்மையிலேயே கொழுத்த பொறி. டபிள்யூவையும் ஜியையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் வண்டி ஓடும், ஆனால் டைமிங் தள்ளிப்போகும், வேகமெடுத்தால் உதறும். முதல் நாள் எங்களுக்கு அப்படித்தான் ஆயிற்று. இரண்டு வயரையும் இடம் மாற்றியதும் சரியானது. மாட்யூல் வெளியில் இருப்பதால் சாலையோரத்தில் மாற்றுவது ஹால் கிட்டைவிட எளிது. ஆனால் அதற்கு ஏற்ற டிஸ்ட்ரிபியூட்டர் கிடைக்க வேண்டும்.

வில்லிஸுக்கு முழு எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டர்களும் விற்பனைக்கு வருகின்றன. ஷாஃப்ட் அடியில் உள்ள நாக்கு ஆயில் பம்ப் ஷாஃப்ட்டின் வெட்டில் உட்காருகிறதா என்பதோடு, வேகத்துக்கு ஏற்ப டைமிங்கை முன்னே தள்ளும் அட்வான்ஸ் எடையும் ஸ்பிரிங்கும் இந்த மந்தமான இன்ஜினுக்குப் பொருந்துகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். பொருந்தாவிட்டால் லோடு ஏற்றும்போது இன்ஜின் தட்டும். பழைய டிஸ்ட்ரிபியூட்டர் நல்ல நிலையில் இருந்தால் அதையே வைத்துக்கொள்வது மேல்.

இப்போது வயரிங். மாட்யூல் கெட்டுவிட்டது என்று எனக்கு வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் இங்கேதான் கோளாறு. வில்லியனூர்ப் பக்கம் ஒரு எலக்ட்ரீஷியன் அண்ணன் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம், "எர்த்தைப் பாரு தம்பி, அப்புறம் மத்ததைப் பேசலாம்" என்பது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் தட்டையும் உடம்பையும் இணைக்கும் சின்னப் பின்னல் வயர் ஒன்று உண்டு. அட்வான்ஸோடு அது தினமும் ஆடி ஆடி அறுந்திருக்கும். பாயிண்ட் எப்படியோ சமாளித்திருக்கும், ஹால் மாட்யூல் சமாளிக்காது. புது வயர் போட்டு, இன்ஜினில் இருந்து சேஸிக்கும் பேட்டரிக்கும் தடித்த பட்டை கொடுத்து, முனைகளைச் சுரண்டி, மேலே கிரீஸ் தடவிவிடுங்கள். தேவனாம்பட்டினம் பக்கம் வீடு இருப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

அடுத்தது சாவி. பழைய இக்னிஷன் சுவிட்சுக்குள் அரை ஓம் துருப்பிடித்த தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 ஓம் காயிலில் சுமார் 1.7 வோல்ட் அங்கேயே போய்விடும். 1.5 ஓம் காயிலுக்கு மாறினால் கரண்ட் கூடுவதால் அதே சுவிட்ச் 3 வோல்ட்டைத் தின்னும். புது காயில், புது கிட் போட்ட பிறகு வண்டி முன்பைவிட மோசம் என்று சொல்பவர்களுக்கு இதுதான் காரணம். எனவே சாவியின் மேல் பாரம் ஏற்றாமல், சிறு கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் ஒரு ரிலே போடுங்கள்: அதில் 30 என்ற எண் உள்ள முனைக்குப் பேட்டரியில் இருந்து ஃபியூஸ் வழியாக 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், 87ல் இருந்து காயில் பாசிட்டிவும் மாட்யூலும், 86க்குச் சாவி, 85 எர்த். ஸ்டார்ட்டர் சுற்றும்போதும் ரிலே பிடித்திருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். சில சுவிட்சுகள் ஸ்டார்ட் நிலையில் இக்னிஷனை வெட்டிவிடும்.

காயிலுக்குப் போகும் கரண்ட்டைக் குறைக்கும் பாலாஸ்ட் ரெசிஸ்டர் உள்ள வண்டியில் ஹால் கிட்டின் சிவப்பு வயர் பாலாஸ்ட்டுக்கு முன்னால்தான் போகவேண்டும், பின்னால் கொடுத்தால் மாட்யூலுக்குப் பட்டினி. எச்இஐக்கு பாலாஸ்ட்டே கூடாது. ஃபோர்டில் இது கண்ணில் படாது: டேஷுக்கு அடியில் சாதாரண வயர் போலவே ஓடும் ஒரு பிங்க் வயர்தான் ரெசிஸ்டர். அதைக் கண்டுபிடிக்க நண்பருக்கும் எனக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

6 வோல்ட் வண்டிக்கு 6 வோல்ட் கிட்டே வேண்டும். பழைய அம்பாசிடர் வகை இன்ஜின்களில் பாசிட்டிவ் எர்த் இருந்தால் கிட்டும் அதற்கென்று இருக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் ஒரு நொடியில் கருகும். டைனமோ வண்டியில் ஐட்லிங்கில் சார்ஜ் ஏறாது என்பதால் பேட்டரி நன்றாக இருக்க வேண்டும்.

பிளக் வயர் செம்புக் கம்பி வகையாக இருந்தால் மாற்றிவிடுங்கள். அதன் இரைச்சல் மாட்யூலைக் குழப்பும், ரெசிஸ்டர் வகை வயரோ பிளக்கோ போதும். பிளக் கேப்பை 0.030ல் இருந்து 0.035 அங்குலம் வரை கூட்டலாம். அதற்கு மேல் போனால் பழைய சின்ன மூடிக்குள் பொறி வழிதவறி கார்பன் கோடு விழும், மழைக்காலத்தில் முதலில் அங்கேதான் நிற்கும்.

தினமும் சந்தைக்கு ஓடும் வண்டிக்கு என் தேர்வு ரிலேயோடு ஹால் கிட். தகுந்த டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கும் அமெரிக்க ஆறு, எட்டு சிலிண்டர் வண்டிக்கு எச்இஐ. மாதம் ஒருமுறை பீச் ரோட்டில் உருட்டிவிட்டு ஷெட்டில் நிறுத்தும் வண்டிக்குப் பாயிண்ட்டே போதும், மூடியை எடுத்துத் துடைக்கும் பொறுமை இருந்தால்.

என் வண்டியில் டூல் பெட்டிக்குள் இன்னொரு பாயிண்ட் தட்டு இருக்கிறது: கேப் வைத்து, கண்டன்சர் மாட்டி, பிளாஸ்டிக் உறையில் சுற்றியது. டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன், வெள்ளை ஹால் கிட்டுக்கான டைமிங், சிவப்பு பாயிண்ட்டுக்கானது. செக்போஸ்ட்டில் மாட்யூல் செத்த அன்று இது இல்லாமல் பலாவோடு மாலை வரை நின்றேன். போன மார்கழியில் வீட்டு வாசலிலேயே ஒருமுறை ஒத்திகை பார்த்தேன்: மாட்யூலைக் கழற்றி, தட்டை மாற்றி, சிவப்புக் கோட்டுக்குத் திருப்பி, ஸ்டார்ட் செய்ய 17 நிமிடம் ஆயிற்று.