கச்சானிலும் வாடையிலும் ஒரே பேனை: ஜின்ஹாவோ எக்ஸ் 450, நான்கு வருடப் பாவனை

வாங்கிய கிழமையே இந்தப் பேனையைப் பற்றி எழுதியிருந்தால் பாதி பிழையாக எழுதியிருப்பேன். திருகோணமலையில் ஒரு வருடம் முழுக்கப் பாவித்தால்தான் ஒரு மைப்பேனையின் குணம் பிடிபடும். வைகாசியிலிருந்து கச்சான் காற்று, ஐப்பசிக்குப் பிறகு வாடையும் மழையும். இந்த இரண்டு காலத்திலும் அதே பேனை இரண்டு விதமாக எழுதும்.

நான் ஒரு மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். கணினி வந்துவிட்டது, ஆனாலும் பேரேடும் கூட்ட அறிக்கைப் புத்தகமும் இன்னும் கையெழுத்துத்தான். முன்பெல்லாம் போல்பொயின்ட் பேனை. பின்னேரம் மூன்று மணிக்குப் பெருவிரலின் அடி நோகத் தொடங்கிவிடும். அப்பாவிடம் ஒரு ஹீரோ பேனை இருந்தது. 1941இல் வந்த பார்க்கர் 51இன் சாயலில் செய்தது, நிப்பின் நுனி மட்டும் வெளியே தெரியும். அவர் கடிதம் எழுதும்போது விரல்கள் பேனையின் மேல் சும்மா கிடப்பதுபோல இருக்கும். அந்த ஞாபகத்தில்தான் இணையத்தில் தேடி இந்தச் சீனப் பேனையை எடுத்தேன். அனுப்புகூலியோடு இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

பித்தளை உடல், மேலே பூச்சு. மூடியோடு 35 கிராமுக்கு மேல் வரும். மூடியைப் பின்னால் செருகினால் பாரம் பின்பக்கம் இழுக்கிறது, அதனால் மூடியை மேசையில் வைத்துவிட்டே எழுதுகிறேன். நிப்பில் குதிரை வண்டிச் சின்னமும், அதன் கீழே 18கேஜிபி என்ற எழுத்தும் இருக்கும். அது தங்க முலாம் என்பதன் குறி. உள்ளே இருப்பது உருக்குத்தான். தங்க நிப்பு என்று யாராவது விலை சொன்னால் வாங்க வேண்டாம்.

எழுத்துக்கு வருவோம். தமிழில் எழுதும்போது நிப்பை இழுப்பதைப் போலவே தள்ளவும் வேண்டியிருக்கிறது. ‘டி’ எழுதிப் பாருங்கள். கீழே இறங்கி, வலப்பக்கம் போய், அங்கிருந்து மேலே தள்ளி வளைக்க வேண்டும். அந்தத் தள்ளலில்தான் மோசமான நிப்பு காட்டிக்கொடுக்கும். இதற்கு முன் வாங்கிய வேறொரு மலிவுப் பேனை (பெயர் வேண்டாம்) அந்த இடத்தில் கடதாசியின் நாரைக் கிளப்பியது. இது வழுக்கிக்கொண்டு போகிறது. பேனையின் பாரமே போதும், கை அழுத்த வேண்டியதில்லை. மூன்று மணி நோவு இரண்டாம் மாதமே போய்விட்டது. இந்த ஒரு காரணத்துக்காகவே இதை மனதாரச் சிபாரிசு செய்வேன். கோடு நடுத்தரத் தடிப்பு, மையும் தாராளமாக இறங்கும். பொடி எழுத்தாக எழுதினால் ‘ணை’யின் சுழி அடைபட்டுவிடும், கொஞ்சம் பெரிதாக எழுத வேண்டும். பற்றுச்சீட்டுக்கு மட்டும் பழைய போல்பொயின்ட்தான். காபன் தாளில் பிரதி விழ அழுத்தம் வேண்டும், இந்த நிப்பை அப்படி அழுத்தினால் இரண்டு பல்லும் விரிந்துவிடும்.

கச்சான் மேற்கே மழையைக் கொட்டிவிட்டு இங்கே வெறும் சூடாக வந்து சேரும் காற்று. சங்கத்தில் சன்னலைத் திறந்து வைத்து, ஒரு தொகையைக் கூட்டிப் பார்த்து நிமிர்வதற்குள் நிப்பில் மை காய்ந்துவிடும். அடுத்த எழுத்தின் முதல் கோடு விழாது. நிறுத்தும்போதெல்லாம் மூடியைப் போடப் பழகினேன், சரியாகிவிட்டது. இன்னொன்று, மத்தியான வெயிலில் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உப்புவெளியிலிருந்து டவுனுக்கு மோட்டார் சைக்கிளில் வந்த நாளில் மூடிக்குள் மை கொட்டியிருந்தது. மைக்குழாய் பாதி வெறுமையாக இருந்திருக்கிறது. உள்ளே இருந்த காற்று சூட்டில் விரிந்து மையை வெளியே தள்ளிவிட்டது. இப்போது வெயிலில் புறப்படுவதற்கு முன் குழாயை நிரப்பிக்கொள்கிறேன், நிப்பு மேலே பார்க்கத்தான் பையில் வைப்பேன்.

வாடை காலத்தில் பேனை நன்றாகவே எழுதும். ஈரம் குடித்த கடதாசிதான் மையை வேர் வேராக இழுக்கும். ஒரு மார்கழியில் கூரை ஒழுகி, சாதாரண நீல மையில் எழுதிய ஒரு பக்கம் முழுக்கக் கரைந்து போனது. மூன்று நாள் சிட்டைகளைப் பார்த்துப் பார்த்து மறுபடி எழுதினேன். அதன்பிறகு பேரேட்டுக்கு இரும்புச் சத்துள்ள நீலக்கறுப்பு மைதான். எல்லா நீலக்கறுப்பும் அந்த வகை இல்லை, போத்தலில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். எழுதும்போது வெளிறிய நீலமாக விழும் கோடு, காற்றுப் பட்டு மெல்ல மெல்லக் கறுக்கும். காலையில் எழுதிய வரியும் அப்போது எழுதிய வரியும் ஒரே பக்கத்தில் இரண்டு நிறமாக நிற்பதைப் பார்க்க எனக்கு இன்னும் ஆசை. பிறகு தண்ணீர் பட்டாலும் எழுத்து நிற்கும். ஆனால் அந்த மை உருக்கை அரிக்கும், கழுவாமல் விடக்கூடாது.

போன வருடம் தங்கச்சியின் மகன் சித்திரப் பாடத்துக்கென்று இதில் இந்தியன் இங்கை நிரப்பிவிட்டான். அதில் அரக்கு இருக்கிறது, காய்ந்தால் பேனை அவ்வளவுதான். நல்ல வேளை, அன்று பின்னேரமே பிள்ளை வந்து சொல்லிவிட்டான். நிப்பையும் அதன் அடியில் இருக்கும் கறுப்பு நாக்கையும் சேர்த்து இழுத்தால் கழன்று வரும். இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய பல் பிரஷால் நாக்கின் வெட்டுகளைத் தேய்த்து எடுத்தோம். அதே அளவு நிப்பு வேறு கம்பனிகளிலும் கிடைக்கும் என்பதால், கெட்டிருந்தாலும் நிப்பை மட்டும் மாற்றியிருக்கலாம்.

இப்போது மாதாமாதம் வரும் போயா (பௌர்ணமி) விடுமுறைக்குக் கழுவுகிறேன். ஒரு கிளாஸ் பச்சைத்தண்ணீர், பாத்திரம் கழுவும் சவர்க்காரம் ஒரு துளி. குழாயின் திருகை ஏற்றி இறக்க, நிப்பின் நடுக்கோட்டிலிருந்து நீலம் நூலாக இறங்கிக் கிளாஸின் அடியில் சுருளும். நாலைந்து முறை தண்ணீர் மாற்றினால் தெளியும். பிறகு பழைய பருத்தித் துணியில் நிப்பைக் கீழே வைத்து நிறுத்திவிடுவேன். விடியும்போது துணியில் வெளிறிய நீலப் புள்ளி ஒன்று இருக்கும்.