அக்குள் வியர்வைக்கு மைக்ரோவேவா, சோடியம் ஒட்டா, லேசரா?

அக்குளில் சட்டை நனைவது ஒரு பிரச்சினை, அங்கே நாற்றம் வருவது வேறொரு பிரச்சினை. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு பொருந்தாத சிகிச்சைக்குக் காசைக் கொட்டுகிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். தண்ணீராக ஊற்றுவது எக்ரின் சுரப்பி, அந்த வியர்வைக்கு வாடையே கிடையாது. அப்போக்ரின் சுரப்பி விடும் பிசுபிசுப்பான சுரப்பைத் தோல்மேல் வாழும் பாக்டீரியா சிதைக்கும்போதுதான் நாற்றம் கிளம்புகிறது. ஆக, எந்தக் கருவி எந்தச் சுரப்பி வரை எட்டுகிறது என்று பார்த்தாலே பாதித் தெளிவு வந்துவிடும்.

இரண்டையும் சேர்த்து அடிப்பது மைக்ரோவேவ்தான். மிராட்ரை என்ற கருவிக்கு அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. 2011-ல் அனுமதி கொடுத்தது. 5.8 கிகாஹெர்ட்ஸ் அலை, தோலும் கொழுப்பும் சேரும் மட்டத்தில் சூட்டைக் குவிக்கிறது, இரண்டு வகைச் சுரப்பியும் அந்த ஆழத்தில்தான் இருக்கின்றன, மேல்தோல் வெந்துவிடாதபடி கருவியே அதைக் குளிர்வித்துக்கொண்டிருக்கும். அழிந்த சுரப்பி திரும்ப முளைக்காது என்பதால் ஒன்றிரண்டு சிட்டிங்கில் வேலை முடிந்துவிடும். கத்தி வைப்பதில்லை, சரி, ஆனால் மரத்துப்போவதற்கு அக்குள் முழுக்க ஊசி போடுவார்கள், இதை விளம்பரங்கள் அடக்கியே வாசிக்கும். வீக்கமும் வலியும் சில நாட்கள் இருக்கும், தொட்டால் உணர்வு தெரியாத மரப்பு அதைவிட நீளும், அரிதாகக் கை நரம்பு பாதிக்கப்பட்டதும் உண்டு. அதனால் அனுபவமுள்ள கை முக்கியம். அக்குளை அடைத்தால் உடம்புச் சூடு எங்கே போகும் என்று பலர் பயப்படுகிறார்கள். மொத்த வியர்வைச் சுரப்பிகளில் அங்கே இருப்பது மிகச் சிறு பங்குதான்.

ஊசியே ஆகாது என்றால் பிரெல்லா என்ற சோடியம் ஒட்டு இருக்கிறது, 2023-ல் அனுமதி பெற்றது. அதிகபட்சம் மூன்று நிமிடம் ஒட்டிவைப்பார்கள். சோடியம் வியர்வையின் நீரோடு வினைபுரிந்து சூடாகிச் சுரப்பியை மந்தமாக்கும். பலன் மூன்று நான்கு மாதம், பிறகு மறுபடியும் போக வேண்டும், தோல் எரிச்சலும் வரலாம். நனைவதற்கு இது நல்லது, நாற்றத்துக்கென்று இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

தண்ணீர் வழியாக மின்சாரம் செலுத்தும் அயன்டோஃபோரெசிஸ் உள்ளங்கைக்கும் பாதத்துக்கும் அருமையானது, அக்குளின் வளைவில் அது சரியாகப் பொருந்தாது. பேஸ்மேக்கர் வைத்தவர்களும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே போகக் கூடாது. லேசர் முடிக்கானது, முடி குறைந்தால் சுரப்பு தங்க இடமின்றி வாடை கொஞ்சம் தணியலாம், வியர்வை குறையும் என்று நம்பிப் போகாதீர்கள்.

நாற்றமும் நனைவும் சேர்ந்தே வாட்டினால் என் ஓட்டு மைக்ரோவேவுக்குத்தான். ஆனால் அதற்கும் முன்னால், அலுமினியம் குளோரைடு கலந்த, வியர்வையை அடக்கும் ஆன்டிபெர்ஸ்பிரண்ட்டைக் காய்ந்த தோலில் இரவில் தடவி சில வாரம் பாருங்கள், பலர் காலையில் குளித்த ஈரத்தோடு தடவிவிட்டுப் பலனில்லை என்கிறார்கள். அப்புறம், வியர்வை திடீரென்று இப்போதுதான் தொடங்கியது, தூக்கத்திலும் நனைக்கிறது, ஒரு பக்கம் மட்டும் வருகிறது என்றால் கருவியைத் தேடாதீர்கள். தைராய்டோ சர்க்கரையோ சாப்பிடும் மாத்திரையோ காரணமாக இருக்கலாம், முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.