கெடிலம் தண்ணி: கருப்பாகுற பாட்டிலா, பிசிஆரா?

மழை விட்டா கடலூர்ல, கெடிலம் ஆத்தோரம் திருப்பாதிரிப்புலியூர் பக்கம் போர் தண்ணி லேசா கலங்கும், உடனே எல்லாரும் தேடுறது தண்ணிய சோதிக்கற அந்த எச்2எஸ் பாட்டில்தான். தண்ணிய ஊத்தி வச்சு ஒன்னு ரெண்டு நாள்ல கருப்பாச்சுன்னா சாக்கடை கலந்திருக்கோன்னு சந்தேகப்படலாம், விலையும் கம்மி, வீட்லயே பாத்துக்கலாம். ஆனா அது காட்டுறது பாக்டீரியாவ மட்டும்தான், காமாலை வைரஸ் உள்ள இருந்தா பாட்டில் வாயே திறக்காது. குளோரின்ல ஈ.கோலை மாதிரி சாக்கடை பாக்டீரியா சீக்கிரம் செத்துடும், சில வைரஸ் தாக்குப்பிடிக்கும், அதனால பாட்டில் கருப்பாகலன்னாலும் வைரஸ் இருக்கலாம். 1955-56ல டெல்லில யமுனைல சாக்கடை கலந்து சுமார் 29,000 பேருக்கு காமாலை வந்துச்சே, அப்ப குழாய்ல வந்ததும் குளோரின் போட்ட தண்ணிதான்.

பிசிஆர்ங்கற லேப் டெஸ்ட் வைரஸோட மரபணுவையே தேடும். ஆனா கெடிலத்துல ஒரு சொம்பு மொண்டுட்டு போனா வேலைக்காகாது, லிட்டர் கணக்குல எடுத்து வடிகட்டி சுருக்கணும், ஆத்துத் தண்ணில மக்கின குப்பை டெஸ்டையே கெடுத்துடும், அதுக்கும் மேல செத்த வைரஸா உயிரோட இருக்கறதான்னும் பிரிச்சு சொல்லாது (இவ்ளோ செலவு பண்ணியும்!).

வீட்டுக்கு எனக்கு பாட்டிலே போதும், கருப்பாகலன்னாலும் கொதிக்க வச்சுதான் குடிப்பேன். தெருத்தெருவா காமாலை வருதுன்னா பிசிஆர்தான், அப்ப போய் பாட்டில வச்சு பாத்துட்டு உக்காந்திருக்கக் கூடாது.