வினைல் டைலுக்கு அடியில் செய்யாத வேலைக்குக் காசு வாங்கினார்கள்

வினைல் டைல், அதாவது தரையில் பசை போட்டு ஒட்டும் மெல்லிய பிளாஸ்டிக் டைல், ஒட்ட ஆள் தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள். எங்கள் வீட்டில் ஒட்டிய தரையை இப்போது மொத்தமாகப் பெயர்த்துக்கொண்டிருக்கிறோம். டைலில் ஒரு குறையும் இல்லை. அதற்கு அடியில் செய்ததாகச் சொல்லிக் காசு வாங்கிய வேலைகளில் ஒன்றுகூட ஒழுங்காக நடக்கவில்லை.

ஒப்பந்தக்காரர் கொடுத்த மதிப்பீட்டில் எல்லாம் தனித்தனி வரியாக இருந்தது: பழைய கார்பெட் பசையைச் சுரண்டி எடுப்பது, தரையின் ஈரம் சோதிப்பது, பிரைமர் (மேலே வருவது தரையைப் பிடிக்க முதலில் அடிக்கும் பூச்சு) அடிப்பது, செல்ஃப் லெவலிங் கலவை (ஊற்றினால் தானே பரவி மட்டமாகும் சிமென்ட் கலவை) ஊற்றி மட்டப்படுத்துவது. ஒட்டுக்கூலியைவிட இந்தத் தயாரிப்புக்குத்தான் தொகை அதிகம். அதில் தவறில்லை, முறையாகச் செய்தால் பாடு முழுக்க அதில்தான் இருக்கிறது. ஆனால் காலையில் வந்தவர்கள் மாலைக்குள் பாதி அறைக்கு டைலே ஒட்டிவிட்டார்கள். அதற்குள் கலவை காய்ந்துவிட்டதா என்று கேட்டதற்கு, "இது சீக்கிரம் காயுற கலவை சார், கவலைப்படாதீங்க" என்றார் ஒப்பந்தக்காரர். அப்படிப்பட்ட கலவை உண்மையிலேயே உண்டு என்பதால் பேச்சு அதோடு நின்றுவிட்டது.

முதலில் எல்லாம் அழகாகத்தான் இருந்தது. அப்புறம் ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும் நேரங்களில் தரையில் மேடுபள்ளம் தெரிய ஆரம்பித்தது. வினைல் டைல் சில மில்லிமீட்டர் கனம்தான். அடியில் ஒரு மணல் பருக்கை இருந்தாலும், விரிசல் இருந்தாலும், நாளாக ஆக அது மேலே தெரிந்துவிடும். அடுத்து, இணைப்புகளில் பிசுபிசுவென்று பசை கசிந்தது. நடக்கும்போது செருப்பில் ஒட்டியது. பிறகு சில டைல்களின் ஓரம் தூக்கிக்கொண்டது.

ஒன்றைப் பெயர்த்துப் பார்த்தோம். டைலின் முதுகு முழுக்க வெள்ளைப் பொடி. பள்ளங்களில் ஊற்றியிருந்தது லெவலிங் கலவையே இல்லை, சுவருக்குப் பூசுகிற பட்டி! சுவர் பட்டி பெயின்ட்டுக்கு அடியில் சும்மா நிற்பதற்காகச் செய்தது. மனிதர் நடமாட்டத்தையும் கட்டில் கால் பாரத்தையும் தாங்கும் வலு அதற்கு இல்லை, நசுங்கிப் பொடியாகிவிடும். பசை அந்தப் பொடியைப் பிடித்துக்கொண்டிருந்தது, பொடியோ தரையைப் பிடிக்கவில்லை. வேறோர் இடத்தில் பழைய கார்பெட் பசை அப்படியே கிடந்தது. அதன்மேல் ஒட்டிய டைல்களில் மஞ்சள் கறை ஏறியிருந்தது. பழைய பசையிலுள்ள சில பொருள்கள் வினைலுக்குள் ஊறி மேலே வந்துவிடும், துடைத்தால் போகாது. வேலையாட்கள் தரையில் பெர்மனென்ட் மார்க்கரால் கோடு போட்டால் அதுவும் இப்படித்தான் மேலே வரும். இதைக் கட்டாயம் தடுங்கள்.

டைல் நிறுவனத்தின் ஆள் வந்து நீளமான மட்டப்பலகையை வைத்துப் பார்த்தார். பல வினைல் தயாரிப்பாளர்கள் கேட்பது 3 மீட்டர் நீளத்துக்குள் ஏற்றத்தாழ்வு சுமார் 5 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது. எங்கள் தரையில் பலகைக்கு அடியில் பெருவிரலே நுழைந்தது. அடித்தளக் கோளாறுக்கு உத்தரவாதம் பொருந்தாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

கோபமெல்லாம் ஒப்பந்தக்காரர் சொன்ன பதிலில்தான். "தரையிலேர்ந்து ஈரம் வருது, அதுக்கு நான் என்ன சார் பண்ண முடியும்?" ஈரம் சோதித்ததாகக் காசு வாங்கியவர் சொல்கிற பதிலா இது? சோதித்த அளவைக் காட்டுங்கள் என்றேன். இன்றுவரை வரவில்லை, வரவும் முடியாது. கான்கிரீட்டின் ஈரத்தை முறையாகப் பார்க்கத் தளத்தின் கனத்தில் 40 சதவீத ஆழத்துக்குத் துளையிட்டு, உள்ளே உணர்கருவி வைத்து, 24 மணி நேரம் விட்டு அளவெடுப்பார்கள். ஈரத்தை உறிஞ்சும் உப்பைத் தரையில் மூடி வைத்து எடை பார்க்கும் கால்சியம் குளோரைடு சோதனை என்றால் 60 முதல் 72 மணி நேரம் ஆகும். வந்த அன்றே டைல் ஒட்டியவர் இதில் எதைச் செய்திருக்க முடியும்?

ஈரத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். கான்கிரீட் கையால் தொட்டால் காய்ந்ததாகவே இருக்கும், உள்ளே ஈரம் நகர்ந்துகொண்டிருக்கும். வெறும் தரையில் அது ஆவியாகிப் போய்விடும். வினைல் அதற்கு மூடி போட்டதுபோல் ஆகிவிடுகிறது. அடியில் தேங்கும் ஈரம் கான்கிரீட்டின் காரத்தையும் இழுத்து வந்து பசையைக் கரைக்கிறது. இணைப்புகளில் கசிந்தது அதுதான்.

ஆகவே ஆள் பேசும்போதே, தயாரிப்பு முடிந்ததும் வேலை நிற்க வேண்டும், நான் பார்த்த பிறகே முதல் டைல் விழ வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். அன்று மட்டப்பலகையைப் பல திசைகளில் வைத்துப் பாருங்கள். நாணயத்தால் அழுத்திக் கீறுங்கள், பொடி உதிர்ந்தால் விடாதீர்கள். லெவலிங் கலவையின் காலிப் பைகளைக் கேட்டு வாங்கிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கலவையில் தண்ணீர் பையில் அச்சிட்ட அளவுக்கு மேல் போகக் கூடாது, போனால் அதுவும் மாவாக உதிரும். தரையில் ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி 16 மணி நேரமாவது வைத்தால், அடியில் நீர்த்துளியோ கருமையோ தெரிகிறதா என்று நீங்களே பார்க்கலாம். தெரியாவிட்டால் ஈரமே இல்லை என்று அர்த்தமில்லை, துளைச் சோதனை அப்போதும் வேண்டும்.

இன்னொன்று, இது உடம்பு சம்பந்தப்பட்டது. பழைய கட்டடத்தில் 9 அங்குலச் சதுர டைல்களோ கறுப்புப் பசையோ கண்ணில் பட்டால் உரசவோ சுரண்டவோ விடாதீர்கள். அவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அதன் தூசியைச் சுவாசித்தால் நுரையீரலுக்கு ஆபத்து. பரிசோதனைக்கு அனுப்பிய பிறகே கை வைக்க வேண்டும்.

எங்கள் தரையில் இப்போது துளைச் சோதனை செய்தாயிற்று. ஈரம் பசை தாங்கும் அளவைத் தாண்டியே இருக்கிறது, எபாக்ஸி ஈரத்தடுப்புப் பூச்சு அடித்த பிறகே மறுபடி மட்டப்படுத்தப் போகிறார்கள். பழைய ஒப்பந்தக்காரருக்குப் படங்களோடு எழுத்தில் புகார் அனுப்பியிருக்கிறோம். உங்கள் வீட்டில் இப்போது வேலை நடக்கிறது என்றால், கடைசித் தவணை உங்கள் கையில் இருக்கும்போதே ஈரச் சோதனையின் அளவைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.