ரப்பர் ஷீட்டுக்கு லென்ஸ் ஆன்டெனாவா, வேவ்கைடா?

குமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கம் அடிக்கிற ரப்பர் ஷீட்டின் ஒப்புமை விடுதிறனை (மின்புலத்தில் ஒரு பொருள் வெற்றிடத்தைப்போல் எத்தனை மடங்கு மின்னாற்றலைத் தேக்கும் என்ற எண்) எக்ஸ் பேண்ட் மைக்ரோஅலையில் (8.2–12.4 கிகாஹெர்ட்ஸ்) அளக்க வேவ்கைடு (அலையைக் கடத்தும் உலோகக் குழல்) சரிப்படாது. இந்தப் பேண்டுக்கான டபிள்யூஆர்-90 குழலின் உள்ளளவு 22.86 × 10.16 மி.மீ. வளைந்து கொடுக்கிற ரப்பரை அந்த அளவுக்குப் பிசிறில்லாமல் வெட்டுவது பெரும்பாடு. அகலச் சுவரோரம் மயிரிழை இடைவெளி விழுந்தாலும் விடுதிறன் குறைந்தே வரும். மின்புலம் அந்த இடைவெளியைக் குறுக்கே கடக்கிறது.

லென்ஸ் பொருத்திய இரண்டு ஹார்ன் (கொம்பு வடிவ) ஆன்டெனாக்களை எதிரெதிரே நிறுத்தி, குவியத்தில் ஷீட்டைப் பிடித்தால் வெட்டவே வேண்டாம். லென்ஸ் விட்டமும் குவிய நீளமும் சமமென்றால் 10 கிகாஹெர்ட்ஸில் கற்றை ஏறக்குறைய 3 செ.மீ.க்குச் சுருங்கும். ஷீட் அதைப்போல் மூன்று மடங்கு இருந்தால் விளிம்புச் சிதறல் தொல்லை தராது.

அளவுத்திருத்தத்துக்கு டிஆர்எல் (த்ரூ, ரிஃப்ளெக்ட், லைன்) முறை: முதலில் நடுவே எதுவுமில்லாமல் த்ரூ, அடுத்து ரிஃப்ளெக்டுக்கு உலோகத் தகடு, பிறகு ஓர் ஆன்டெனாவை 7.28 மி.மீ. (10.3 கிகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம்) பின்னே நகர்த்தி லைன். தகட்டின் கனத்துக்கும் நகர்த்தி, மறுபடி பழைய இடத்துக்கே கொண்டுவர வேண்டும். மைக்ரோமீட்டர் திருகுள்ள மேடையும் ஃபேஸ் (அலையின் கட்டம்) மாறாத கேபிளும் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். ஆன்டெனாக்களுக்கிடையே எதிரொலித்து வருவதை டைம் கேட்டிங்கில் (தாமதமாக வரும் அலையை நேரத்தை வைத்துக் கழிப்பது) வெட்டிவிடலாம்.

எத்தனை ஷீட் வைப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். விடுதிறன் 2.4 என்று கொண்டால் 3 மி.மீ. ஷீட் ஒன்று 10 கிகாஹெர்ட்ஸில் காற்றைவிடக் கூடுதலாகத் தருவது 20 டிகிரி ஃபேஸ் மாற்றம்தான்; கனத்தில் 0.1 மி.மீ. பிசகினால் விடுதிறன் 0.06 தள்ளிப்போகும். மூன்றை அடுக்கினால் 9 மி.மீ., 10.8 கிகாஹெர்ட்ஸ் அருகே ரப்பருக்குள் சரியாக அரை அலைநீளம். அங்கே எதிரொளிப்பு ஏறக்குறைய மறைந்து, நிக்கல்சன்–ராஸ்–வெயர் கணக்கு (எதிரொளிப்பு, ஊடுருவல் இரண்டிலிருந்தும் விடுதிறனைப் பெறும் முறை) தாறுமாறாகும். இரண்டே பொருத்தம். வரி உருளையில் விடாத ஷீட்டாக எடுங்கள். வரி இருந்தால் எது கனம் என்றே சொல்ல முடியாது, இரண்டுக்கும் நடுவே காற்றும் தங்கும். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் ஈரம் போகவில்லை, மறுபடி புகைக்கூட்டில் போடுங்கள்.

மணவாளக்குறிச்சி கருமணலுக்கு நிலைமை நேரெதிர், வேவ்கைடே மேல். 10 மி.மீ. நீள வேவ்கைடு துண்டில் 2.32 கன செ.மீ. மணல் பிடிக்கும், தட்டி நிரப்பி, எடை போட்டு, அடர்த்தியையும் சேர்த்தே எழுத வேண்டும். லென்ஸ் முன் நிறுத்தும் பெட்டியில் மணலின் பாரத்துக்குச் சுவர் புடைத்து, கனம் இடத்துக்கிடம் மாறும்.

ரப்பர் பாலுக்குக் கோஆக்சியல் ப்ரோப் (முனையைப் பொருளில் தொட்டு அளக்கும், முனை திறந்த கேபிள்). ஓப்பன் (முனை காற்றில்), ஷார்ட் (முனையில் உலோகம்), வெப்பநிலை குறித்த காய்ச்சி வடித்த நீர் என்று மூன்றிலும் திருத்தி, முனையில் குமிழி ஒட்டாமல் சாய்த்து இறக்குங்கள். ஒவ்வோர் அளவுக்கும் பிறகு துடைக்காவிட்டால் உறைந்த படலம் அடுத்த அளவைக் கெடுக்கும். இதே ப்ரோப்பைக் காய்ந்த ஷீட்டில் அழுத்தி இழப்பை (பொருள் உறிஞ்சும் ஆற்றலை) அளக்க வேண்டாம். அவ்வளவு சிறிய இழப்பு கருவியின் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும்.