கோவைப் பட்டறைக்காரருக்கு எது உதவும்: பிஎன்ஐயா, கொடிசியாவா?

1985-இல் அமெரிக்காவில் தொடங்கிய பிஎன்ஐ (BNI) என்ற தொழில்முனைவோர் அமைப்பு, ஒரு கிளையில் ஒரு தொழிலுக்கு ஒருவரை மட்டுமே சேர்த்து, வாரந்தோறும் கூடி, உறுப்பினர்கள் தமக்குள் வாடிக்கையாளர்களைப் பரிந்துரைக்க வழிசெய்கிறது. உள் அலங்காரம், கணக்குத் தணிக்கை போன்ற சேவை தருவோருக்கு இது நன்கு கைகொடுக்கும்.

1969 முதல் இயங்கும் மாவட்டச் சிறுதொழில் சங்கமான கொடிசியாவிலோ, ஒரே தொழிலைச் செய்யும் போட்டியாளர்களும் அருகருகே அமர்கிறார்கள். அதுவே அதன் பெரும்பலம் என்பது என் உறுதியான கருத்து. சிறு நிறுவனங்களுக்குரிய தொகையை அதிகபட்சம் 45 நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டுமென 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் சொல்லியும், பெரிய நிறுவனம் இழுத்தடிக்கும்போது என்ன செய்வதென்பதை, அதே துன்பத்தைப் பட்ட இன்னொரு பட்டறைக்காரரால்தான் விளக்க முடியும். மின்கட்டணம், மூலப்பொருள் விலை குறித்து அரசிடம் தனியொருவர் முறையிட்டால் எடுபடாது. சங்கம் பேசினால் கேட்பார்கள்.

ஆகவே பம்பு உதிரிபாகம் செய்பவர் முதலில் சங்கத்தில் சேரட்டும். உள்ளூர் வாடிக்கையாளர்களை நேரடியாக நம்பியிருப்பவர் பிஎன்ஐயின் கட்டணத்தையும் வாராந்தர வருகைக் கட்டாயத்தையும் கணக்கிட்டு முடிவெடுக்கலாம்.